தோள் வலிக்குப் பின்னால் தமனி அழற்சி: 77 வயதுப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

முதியவரின் தோளைப் படம் எடுத்தால் ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். எழுபதைக் கடந்தவர்களில் வலியே இல்லாத தோளிலும் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாண்கள்) கிழிசல் இருப்பது சாதாரணம். மணிக்கட்டுக் குருத்தெலும்பில் சுண்ணாம்புப் படிவும், கழுத்தெலும்பில் தேய்மானமும் அப்படியே. இவற்றில் எது இன்றைய வலிக்குக் காரணம், எது வயது விட்டுச்சென்ற தடம் என்று பிரிப்பதில்தான் சிரமம். இந்த நிகழ்வில் அந்தப் பிரிவினை ஒருமுறை தவறிப்போய், பிறகு சரியானது. இரண்டும் எப்படி நடந்தன என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறோம்.

பின்னணி

நோயாளிக்கு வயது 77. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய், மெட்ஃபார்மின் எடுப்பவர். ரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்டு. சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 41 மி.லி., இயல்பைவிடக் குறைவு. புகைப்பழக்கம் இல்லை.

முதலில் வலது தோளில் வலி. இரண்டே வாரத்தில் இடது தோளும், அதன் பின் இரு தொடைகளின் மேற்பகுதியும் சேர்ந்துகொண்டன. காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் வரை இறுக்கம். படுக்கையில் புரண்டு படுக்கவே மகளின் உதவி தேவைப்பட்டது. இரண்டு மாதத்தில் எடை 4 கிலோ குறைந்தது.

நான்காம் வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் தோள் மூட்டில் மிதமான தேய்மானம். ஆறாம் வாரத்தில் வலது தோளுக்கு மட்டும் எம்ஆர்ஐ. பரிசோதனைக் கோரிக்கைச் சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘வலது தோள் வலி, கிழிசல் உண்டா?’ அறிக்கையும் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது: சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணில் (ரொட்டேட்டர் கஃபின் மேற்பகுதி) முழு ஆழக் கிழிசல். அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு எழுந்தது, உடற்பயிற்சி சிகிச்சை தொடங்கியது, வலி கூடியது.

எட்டாம் வாரத்தில்தான் ரத்தப் பரிசோதனை. அழற்சியைக் காட்டும் அளவுகளான சிஆர்பி லிட்டருக்கு 72 மி.கி., ஈஎஸ்ஆர் மணிக்கு 88 மி.மீ., ஹீமோகுளோபின் 10.2, தட்டணுக்கள் 4.8 லட்சம். முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் எதிர்ப்பொருள்களில் ருமட்டாய்டு ஃபேக்டர் குறைந்த அளவில் நேர்மறை, ஆன்டி-சிசிபி எதிர்மறை. தசைநாண் கிழிசல் மட்டும் சிஆர்பியை இந்த அளவுக்கு ஏற்றாது. பாலிமயால்ஜியா ருமாட்டிகா (முதியவர்களுக்குத் தோளிலும் இடுப்பிலும் வலியும் காலை இறுக்கமும் தரும் அழற்சி நோய்) என்ற ஊகத்தில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 15 மி.கி. தொடங்கப்பட்டது. வாதநோய்ப் பிரிவுக்கு அவர் வந்து சேர்ந்தது ஸ்டீராய்டின் 9-ஆம் நாள்.

வந்த அன்று கண்டவை

வலி பாதியளவு குறைந்திருந்தது. காலை இறுக்கம் 45 நிமிடமாகவும் சிஆர்பி 31 ஆகவும் இறங்கியிருந்தன. முன்னேற்றம்தான், ஆனால் போதாது. பாலிமயால்ஜியாவில் இந்த அளவு மருந்து பெரும்பாலும் சில நாள்களிலேயே தெளிவான நிம்மதி தரும். ஒன்பது நாளாகியும் பாதிதான் என்றால், நோய் வேறாக இருக்கலாம், அல்லது அதனுடன் இன்னொன்றும் இருக்கலாம்.

வலது மணிக்கட்டில் லேசான வீக்கம். எக்ஸ்ரேயில் முக்கோணக் குருத்தெலும்பில் சுண்ணாம்புக் கோடு. ஆக, மூன்று பெயர்கள் பரிசீலனைக்கு வந்தன: பாலிமயால்ஜியா, முதுமையில் தொடங்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஃபேக்டரும் மணிக்கட்டும் காரணமாக), கால்சியம் பைரோபாஸ்பேட் படிக நோய் (சுண்ணாம்புக் கோடு காரணமாக).

2012-இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த பாலிமயால்ஜியா வகைப்பாட்டு அளவுகோலைக் கண்டிப்பாகக் கணக்கிட்டால், காலை இறுக்கத்துக்கு 2, இடுப்பு வலிக்கு 1, மொத்தம் 3. ருமட்டாய்டு ஃபேக்டர் இருப்பதால் 2 புள்ளியும், மணிக்கட்டு வீங்கியதால் 1 புள்ளியும் கைவிட்டுப் போயின. அல்ட்ராசவுண்ட் இல்லாமல் கணக்கிடும்போது 4 தேவை. இது ஆய்வுக்கான வகைப்பாடு. ஒருவருக்கு நோயை உறுதிப்படுத்தும் கருவி அல்ல. ஆனாலும் எந்த இடத்தில் சான்று போதவில்லை என்பதை அது காட்டிக் கொடுத்தது. முதுமையில் ருமட்டாய்டு ஃபேக்டர் நோயில்லாமலும் நேர்மறையாகக் கூடும் என்பதால், முடிவை அல்ட்ராசவுண்டிடம் விடுவது என்று தீர்மானிக்கப்பட்டது.

அல்ட்ராசவுண்ட்: எதை நம்புவது, எதை விலக்குவது

பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு பாராசிட்டமால் கொடுக்கப்பட்டது. முதியவரின் வலிக்கும் தோளைப் பாடநூல் சொல்லும் நிலையில் பிடிக்க முடியாது. கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் வைக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிடும். அந்த வலியிலேயே மீதிப் பரிசோதனையும் அவசரத்தில் முடியும். அதனால் கை மடியில் இருக்க, உள்ளங்கை மேல்நோக்க, பைசெப்ஸ் நீள்தலைத் தசைநாணில் தொடங்கி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெரும்பகுதியும் பார்க்கப்பட்டது. ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் பவர் டாப்ளருக்குத் துடிப்பு மீள்வீதம் (ஒலித்துடிப்புகள் அனுப்பப்படும் வீதம்) 0.6 கிலோஹெர்ட்ஸ், ஜெல் தாராளம், புரோப் (தோல்மேல் வைக்கும் கருவிமுனை) தோலை அழுத்தாமல் மிதக்க வேண்டும். மெலிந்த தோலில் சற்று அழுத்தினாலே பர்சாவில் (மூட்டருகே உராய்வைக் குறைக்கும் சிறு பை) உள்ள நீர் ஒதுங்கிவிடும், டாப்ளர் நிறமும் அணைந்துவிடும்.

வலது தோளில் சப்டெல்டாய்டு பர்சா 4 மி.மீ. தடித்திருந்தது. இதை உடனே அழற்சி என்று எழுதுவதற்கு இல்லை. முழு ஆழக் கிழிசல் இருக்கும் தோளில், மூட்டு நீர் அந்தத் துளை வழியாகப் பர்சாவுக்குள் வந்து சேரும். பைசெப்ஸ் உறையும் மூட்டோடு தொடர்புள்ளது. அதன் கீழ்முனையில் கொஞ்சம் நீர் தேங்குவதற்கு அழற்சி தேவையில்லை.

சாட்சியாக நின்றது இடது தோள். அங்கே கிழிசல் இல்லை. ஆனாலும் பர்சா 3 மி.மீ.; பைசெப்ஸ் தசைநாணைச் சுற்றி முழு வட்டமாக நீரும், உறைச் சுவரில் டாப்ளர் நிறமும் இருந்தன. இரு இடுப்பு மூட்டுகளிலும் சவ்வு தடித்து, வலப்புறம் தொடை எலும்பின் மேல்முனையருகே உள்ள டிரோகான்டர் பர்சாவும் வீங்கியிருந்தது. கிழிசலாலோ தேய்மானத்தாலோ விளக்க முடியாத இடங்கள் இவைதான். அளவுகோலில் அல்ட்ராசவுண்டுக்கு உள்ள 2 புள்ளிகளும் சேர்ந்து மொத்தம் 5 ஆனது. அல்ட்ராசவுண்டோடு கணக்கிடும்போது தேவைப்படுவதும் அதே 5.

மணிக்கட்டில் சவ்வு சற்றே தடிப்பு, டாப்ளர் நிறம் இல்லை, எலும்பு அரிப்பும் இல்லை. முக்கோணக் குருத்தெலும்புக்கு உள்ளே வெண்புள்ளிகள். குருத்தெலும்பின் மேற்பரப்பில் படிந்தால் யூரிக் அமிலத்தை, அதாவது கவுட்டை நினைக்க வேண்டும். உள்ளே புதைந்திருந்தால் பைரோபாஸ்பேட்டை. இங்கே படிகம் இருந்தது, ஆனால் அன்றைய அழற்சியை அது நடத்துவதற்கான அடையாளம் இல்லை. ‘இருக்கிறது, இப்போதைய நோய்க்குக் காரணமாகத் தெரியவில்லை’ என்றே அறிக்கையில் எழுதப்பட்டது.

புரோப் அக்குளருகே இருக்கும்போதே அக்குள் தமனியையும் பார்ப்பது என்ற முடிவுதான் இந்த நிகழ்வின் திருப்பம். பாலிமயால்ஜியா நோயாளிகளைத் தேடிப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால், ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வெளியே தெரியாத ஜயன்ட் செல் தமனி அழற்சி (முதியவர்களின் பெரிய, நடுத்தரத் தமனிகளின் சுவரைத் தாக்கும் நோய்) இருந்திருக்கிறது. தோளைப் பார்க்கும் பரிசோதனையில் இதற்காகக் கூடுதலாக ஆவது ஐந்து நிமிடம். கையை 90 பாகை தூக்க முடியாததால், 30 பாகையில் தலையணை மேல் சாய்த்து, பாதித் தூரம் அக்குள் வழியாகவும் மீதி காரை எலும்பின் கீழிருந்தும் பார்க்கப்பட்டது.

இடது அக்குள் தமனியின் சுவர்த் தடிமன் 1.7 மி.மீ., வலது 1.5 மி.மீ. பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் எல்லை 1.0 மி.மீ. தடிப்பு சுற்றிலும் ஒரே சீராக, கறுப்பாக, வழுவழுப்பான உள்விளிம்போடு இருந்தது. இதுவே ஹாலோ எனப்படும் கரு வளையம். முதியவரிடம் கொழுப்புப் படிவும் சுவரைத் தடிக்கச் செய்யும். ஆனால் அது ஒரு பக்கமாகப் புடைத்து, கரடுமுரடாக, இடையிடையே வெண்மையாகத் தெரியும். இந்த வேறுபாட்டைக் குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு இரண்டிலும் பார்த்த பிறகே அளவு குறிக்கப்பட்டது. டாப்ளர் நிற அளவை அதிகமாக வைத்தால் நிறம் சுவரின் மேல் வழிந்து வளையத்தை மறைக்கும். துடிப்பு மீள்வீதம் தேவைக்கு மேல் இருந்தால் குழாயின் ஓரம் நிரம்பாமல், இல்லாத வளையம் தோன்றும். அதனால் நிறத்தை அணைத்துவிட்டுச் சாம்பல் நிறப் படத்திலேயே அளக்கப்பட்டது.

நெற்றிப்பொட்டுத் தமனிகளை 18 மெகாஹெர்ட்ஸ் புரோப்பால் பார்த்தபோது தெளிவான ஹாலோ இல்லை. அழுத்தினால் எல்லாக் கிளைகளும் முழுமையாக மறைந்தன. வலது பரைட்டல் கிளையின் (நெற்றிப்பொட்டுத் தமனியின் ஒரு கிளை) சுவர்த் தடிமன் மட்டும் 0.30 மி.மீ.; எல்லை 0.29. ஒன்பது நாள் ஸ்டீராய்டுக்குப் பிறகு, இந்த வயதில், நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஆதாரமாகக் கொள்ளவில்லை. நெற்றிப்பொட்டுத் தமனியில் வளையம் மருந்துக்கு வேகமாக மறையும். அக்குள் தமனியில் மாதக்கணக்கில் நிற்கும். நெற்றிப்பொட்டு மட்டும் பார்த்திருந்தால் அன்று ‘தமனி அழற்சி இல்லை’ என்று எழுதியிருப்போம்.

மீண்டும் கேட்டதில் கிடைத்தவை

படத்தைப் பார்த்துவிட்டுக் கேள்விகள் திரும்பக் கேட்கப்பட்டன. ஐந்தாம் வாரத்தில் மெல்லும்போது தாடை கடுத்ததாகவும், பல் மருத்துவரிடம் காட்டிச் செயற்கைப் பல்லைச் சரிசெய்துகொண்டதாகவும் சொன்னார். ‘தலை வாரும்போது இடது கை பாதியிலேயே ஓய்ந்துபோகுது’ என்றார். அதைத் தோள் வலியோடு சேர்த்தே எல்லோரும் எண்ணியிருந்தனர். தாடை கடுப்பும் கை ஓய்வதும் தமனி அழற்சியின் அறிகுறிகள். ரத்த அழுத்தம் வலக் கையில் 138, இடக் கையில் 120. பார்வை மங்கல், இரட்டைப் பார்வை எதுவும் இல்லை. அன்றே கண் மருத்துவர் விழித்திரை வரை பார்த்து, குறை இல்லை என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்று மாலையே பிரெட்னிசொலோன் 40 மி.கி. ஆக்கப்பட்டது. கண்ணுக்குச் செல்லும் தமனி அடைபட்டால் போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. அடுத்த பரிசோதனைக்காக மருந்தைத் தள்ளிப்போடும் பேச்சுக்கே இடமில்லை. பார்வையிழப்பு தொடங்கியிருந்தால் நரம்பு வழி மெத்தில்பிரெட்னிசொலோன் தேவைப்பட்டிருக்கும், இங்கே தேவைப்படவில்லை.

நெற்றிப்பொட்டுத் தமனித் திசுப் பரிசோதனை வேண்டாம் என்று முடிவானது. அறிகுறிகளும் படமும் ஒன்றையொன்று உறுதி செய்தன. படத்தில் சீராக இருக்கும் தமனியை, ஸ்டீராய்டு தொடங்கிய பின் வெட்டிப் பார்ப்பதில் பலன் குறைவு.

பெட்-சிடி (சர்க்கரை போன்ற கதிர்மருந்தைச் செலுத்தி, அது சேரும் இடங்கள் ஒளிர்வதைப் படமெடுக்கும் முறை) தேவையா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. நோயை உறுதிப்படுத்த அது தேவைப்படவில்லை. ஆனால் எடை இழப்பும் ரத்தசோகையும் புற்றுநோயை நினைவூட்டின. பெருந்தமனி எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டது என்றும் தெரியவில்லை. கான்ட்ராஸ்ட் சிடி இரண்டையும் காட்டும், ஆனால் இந்தச் சிறுநீரகத்துக்கு அது சுமை. பெட்-சிடியில் அந்தக் கான்ட்ராஸ்ட் இல்லாமலே இரண்டு கேள்விக்கும் விடை தேடலாம். ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்டு 2023-இல் புதுப்பித்த பரிந்துரை, சிகிச்சை தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் படம் எடுப்பதே நல்லது என்கிறது. 15 மி.கி. தொடங்கிய நாளிலிருந்து பார்த்தால் அந்தக் கெடு எப்போதோ கடந்துவிட்டது. எனவே சுவரில் ஒளிர்வு தெரிந்தால் நம்புவது, தெரியாவிட்டால் அதை ‘இல்லை’ என்று கொள்ளாதிருப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது.

பெட்-சிடியில் நேர்ந்த தடங்கல்

11-ஆம் நாள் பிற்பகல் 2 மணிக்கு நேரம் கிடைத்தது. ஆறு மணி நேரத்துக்கு மேல் உண்ணாமல் வந்தும் சர்க்கரை 214. காரணம் எளிது: காலையில் விழுங்கிய 40 மி.கி. பிரெட்னிசொலோன் பிற்பகலில்தான் சர்க்கரையை உச்சத்துக்கு ஏற்றும். சர்க்கரை கூடினால் கதிர்மருந்தோடு போட்டியிட்டுச் சுவரின் ஒளிர்வைக் குறைக்கும். இன்சுலின் போட்டு உடனே எடுத்தால் மருந்து தசைக்குள் போய்விடும். பரிசோதனை ரத்தானது.

மறுநாள் காலை 7:30 மணிக்கு மாற்றி, அன்றைய பிரெட்னிசொலோனைப் படம் முடிந்த கையோடு கொடுப்பது என்று ஏற்பாடு. நிறுத்தவில்லை, இரண்டு மணி நேரம் தள்ளியதோடு சரி. சர்க்கரை 128. கதிர்மருந்து செலுத்தி 60 நிமிடம் கழித்துப் படம். கைகளைத் தலைக்கு மேல் வைக்க இயலாததால் உடலோடு ஒட்டி வைக்கப்பட்டன. இதனால் மார்புப் பகுதியில் கோடுகள் விழுந்தன. அறிக்கை எழுதியவருக்கு இது முன்பே சொல்லப்பட்டிருந்தது.

காரை எலும்பின் கீழுள்ள தமனிகள், அக்குள் தமனிகள், மார்புப் பெருந்தமனி ஆகியவற்றில் ஒளிர்வு கல்லீரலுக்குச் சமம், அதாவது 2-ஆம் நிலை. ஸ்டீராய்டில் இருக்கும்போதே இவ்வளவு என்பதால் அழற்சியாகவே கொள்ளப்பட்டது. தொடைத் தமனிகளில் திட்டுத்திட்டாக, சுண்ணாம்புப் படிவுள்ள இடங்களில் மட்டும் ஒளிர்வு. அது கொழுப்புப் படிவின் கணக்கில் சேர்ந்தது. தோள் மூட்டைச் சுற்றியும், இருக்கை எலும்பு முனைகளிலும், இடுப்பு முள்ளெலும்புகளின் முட்களுக்கு இடையிலும் பாலிமயால்ஜியாவுக்கே உரிய ஒளிர்வு. புற்றுநோய்க்கான தடயம் இல்லை.

கேட்காத இரண்டும் கிடைத்தன. முதல் இடுப்பு முள்ளெலும்பில் பழைய அமுக்க முறிவு, உயரத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கப்போகிறவருக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை. வைட்டமின் டி சரிசெய்து, பல் மருத்துவரின் ஒப்புதலோடு எலும்பை வலுப்படுத்தும் சோலெட்ரோனேட் தரப்பட்டது. இன்னொன்று, வலது நுரையீரலில் 5 மி.மீ. முடிச்சு. 6 மி.மீ.க்குக் குறைந்த முடிச்சை, ஆபத்துக் காரணி இல்லாதவரிடம் தொடர வேண்டாம் என்பது வழக்கமான வழிகாட்டல். ஆனால் நோயெதிர்ப்பு அடக்கப்பட்டவர்களுக்கு அந்த வழிகாட்டல் பொருந்தாது. ஆறு மாதத்தில் குறைந்த கதிரளவு சிடி குறிக்கப்பட்டது.

பின்னர் நடந்தவை

இரண்டு வாரத்தில் காலை இறுக்கம் நீங்கி, சிஆர்பி 4-க்கு வந்தது. சர்க்கரையும் முதுகெலும்பு முறிவும் உள்ள ஒருவரை நீண்ட நாள் ஸ்டீராய்டில் வைப்பது சரியல்ல. காசநோய், ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகள் முடிந்து மூன்றாம் வாரத்தில் நோயெதிர்ப்பை அடக்கும் டோசிலிசுமாப் 162 மி.கி. வாரம் ஒரு ஊசியாகத் தொடங்கி, பிரெட்னிசொலோனை 26 வாரத்தில் படிப்படியாக நிறுத்தும் திட்டம் வகுக்கப்பட்டது. 2017-இல் முடிவுகள் வெளியான ஜியாக்டா ஆய்வில், இதே முறையில் வாராந்திர ஊசி பெற்றவர்களில் 56 விழுக்காட்டினர் 52-ஆம் வாரத்தில் நீடித்த நோய்த் தணிவில் இருந்தனர்; ஊசியின்றி 26 வாரத்தில் ஸ்டீராய்டு குறைத்தவர்களில் 14 விழுக்காட்டினர்தான்.

டோசிலிசுமாப் சிஆர்பியை நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடக்கிவிடும். எனவே தொடர் கண்காணிப்பில் அறிகுறி, இரு கை ரத்த அழுத்தம், அக்குள் அல்ட்ராசவுண்ட் மூன்றும் சேர்ந்தன. ஆறாம் மாதத்தில் இடது அக்குள் 1.2, வலது 1.1 மி.மீ.; ரத்த அழுத்த வேறுபாடு 6. முடிச்சு அப்படியே இருந்தது. ஸ்டீராய்டு திட்டப்படி நின்றது.

ஏழாம் மாதத்தில் வலது மணிக்கட்டு ஒரே இரவில் வீங்கிச் சிவந்தது. சிஆர்பி இயல்பு, அதை வைத்து நோய்த்தொற்று இல்லை என்று சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்டில் இம்முறை சவ்வெங்கும் டாப்ளர் நிறம். அதன் வழிகாட்டலில் 1 மி.லி. நீர் எடுக்கப்பட்டது. நுண்ணோக்கியில் சாய்சதுரப் பைரோபாஸ்பேட் படிகங்கள். கல்ச்சரில் 48 மணி நேரமாகியும் கிருமி வளரவில்லை. முதல் நாள் ‘காரணமாகத் தெரியவில்லை’ என்று ஒதுக்கிய அதே சுண்ணாம்புக் கோடுதான் இப்போது உண்மையான காரணம். சிறுநீரகத்தைக் கருதி, படிக அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் நாளொன்றுக்கு 0.5 மி.கி. மட்டும், கல்ச்சர் முடிவுக்குப் பின் மூட்டுக்குள் ஒரு ஊசி. ஐந்து நாளில் வீக்கம் வடிந்தது. தமனி நோய் திரும்பியதாகக் கருதி ஸ்டீராய்டை மறுபடி தொடங்காமல் தப்பியது அந்த 1 மி.லி. நீரால்.

மாற்ற வேண்டியவை

ஆறாம் வார எம்ஆர்ஐயைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, கொழுப்பு அடக்கிய வரிசைகளில் (கொழுப்பை மங்கலாக்கி நீரைத் தெளிவாகக் காட்டும் படங்களில்) பர்சா தடிப்பும், பைசெப்ஸ் உறையைச் சுற்றி நீரும், மூட்டு உறைக்கு வெளியே பரவிய வீக்கமும் அன்றே இருந்தன. மூட்டு உறைக்கு வெளியே பரவும் வீக்கத்தைக் கிழிசலால் மட்டும் எளிதில் விளக்க முடியாது. கதிரியக்க மருத்துவரைக் குறை சொல்ல இங்கே இடமில்லை. இருபுறமும் வலி, இரண்டு மணி நேரக் காலை இறுக்கம் என்ற இரண்டு செய்திகளும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ரத்தப் பரிசோதனை எம்ஆர்ஐக்கு முன்பே நடந்திருந்தால் சிஆர்பியும் அந்தச் சீட்டில் இருந்திருக்கும். 50 வயதைத் தாண்டியவரின் தோள் படத்துக்கான கோரிக்கைச் சீட்டில் இப்போது நான்கு கட்டங்கள் சேர்க்கப்பட்டுள்ளன: ஒரு பக்கமா இரு பக்கமா, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், சிஆர்பி எவ்வளவு, ஸ்டீராய்டு தொடங்கி எத்தனை நாள்.

ஸ்டீராய்டு தொடங்கும் மருத்துவர் அன்றே அல்ட்ராசவுண்டுக்கு எழுதியனுப்பும் வழியும் வேண்டும். தாடை கடுப்பு, புதிய தலைவலி, பார்வைத் தொந்தரவு, கை சோர்வு ஆகிய நான்கையும் முதல் மாத்திரைக்கு முன்பே கேட்டிருந்தால், 15 மி.கி.யில் கடந்த ஒன்பது நாள் இருந்திருக்காது. அந்த நாள்களில் பார்வை தப்பியது நல்வாய்ப்பு. அதைச் சிகிச்சையின் வெற்றியாகப் பதிவு செய்யவில்லை.

பாலிமயால்ஜியா ஐயத்தில் செய்யும் தோள் அல்ட்ராசவுண்டில் இரு அக்குள் தமனிகளும் கட்டாயம். பெட்-சிடிக்குச் சர்க்கரை நோயாளிக்கு, அதுவும் ஸ்டீராய்டில் இருப்பவருக்கு, காலை முதல் நேரம் மட்டுமே. கையைத் தூக்க முடியுமா, அசையாமல் மல்லாந்து படுக்க முடியுமா என்று முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு வைக்க வேண்டும்.